விழாமல் வந்த வலி

தண்டாயுதபாணியின் வலக்கை கெட்டுப்போயிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு காப்பி டம்ளர். அறுபத்தாறாம் வருஷம் தை மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. மனைவி அமராவதி நீட்டிய பித்தளை டம்ளரை வாங்கினார். முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஊசி ஏற்றினாற்போல் ஒரு சுருக். டம்ளர் தரையில், காப்பி வேட்டியில்.

"எங்க உழுந்தீங்க?" என்றாள் அமராவதி.

"எங்கயும் உழுகலை."

"உழுகாம எப்படி வலிக்கும்?"

அதுதான் அவருக்கும் சந்தேகம். போன ஐப்பசியில், அவரோடு பூப்பந்து ஆடும் வெள்ளியங்கிரி, எட்டாத பந்துக்குத் தாவி, கணுக்கால் பிசகி, இருநூறு பேர் பார்க்க விழுந்தான். கால் பூசணிக்காயாக வீங்கியது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு ஹார்லிக்ஸ் வந்தது, சாத்துக்குடி வந்தது, முதலாளி குமாரசாமியே வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அடிபட்டால் அப்படிப் பட வேண்டும். தண்டாயுதபாணியின் முழங்கை வீங்கவுமில்லை, கறுக்கவுமில்லை. பார்க்கப் புது மாப்பிள்ளையின் கை மாதிரி இருந்தது. டம்ளரைத் தூக்கினால், துண்டைப் பிழிந்தால், தாழ்ப்பாளைத் திருகினால் மட்டும் உயிர் போனது.

வலியைவிட அவரை அரித்தது சோற்றுக் கவலை. எட்டு வருஷத்துக்கு முன் அவிநாசியில் நடந்த பந்தயத்தில் அவர் ஆடியதைப் பார்த்த குமாரசாமி, ஆட்டம் முடியுமுன்பே, "இந்தக் கை நம்ம கம்பெனிக்கு வேணுமுங்க" என்று கேட்டு அழைத்து வந்தார். பனியன் கம்பெனியில் சும்மா உட்கார வைக்க முடியாது என்பதற்காக ஒரு கத்திரியைக் கொடுத்துப் பனியன் துணி வெட்டச் சொன்னார். அன்றிலிருந்து பகலெல்லாம் கத்திரி, சாயங்காலம் மட்டை. கத்திரி ஒப்புக்கு, மட்டைதான் சம்பளத்துக்கு என்பது தண்டாயுதபாணியின் தீர்மானம். மட்டை பிடிக்க முடியாதவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? மாசி முதல் ஞாயிறு ஊத்துக்குளி டீமோடு இறுதி ஆட்டம் வேறு இருந்தது.

ஆகவே அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் முதல் பந்தை அடித்ததும் மட்டை கையை விட்டுப் பறந்து, கோட்டுக்கு வெளியே நின்ற குமாரசாமியின் காலடியில் போய் விழுந்தது.

"எங்க உழுந்தீங்க?" என்றார் குமாரசாமி.

உண்மையைச் சொன்னால் எடுபடாது என்பது வீட்டிலேயே தெரிந்துவிட்டது. "குளிக்கற எடத்துல வழுக்கீருச்சுங்க மொதலாளி."

குமாரசாமி அவரைக் காரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் முழங்கையில் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். தண்டாயுதபாணி முருகனைக் கூப்பிட்டார். உள்ளங்கை கீழே பார்க்க ஒரு நாற்காலியைத் தூக்கச் சொன்னார் டாக்டர். தண்டாயுதபாணி இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

"வழுக்கி உழுந்தேன்னு சொன்னது பொய்தானுங்களே?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க."

"மட்டை எத்தனை நேரம் பிடிப்பீங்க?"

"பொழுதானா ஒரு மணி நேரமுங்க."

"பகல்ல?"

"காலைல எட்டுல இருந்து கத்திரிங்க."

டாக்டர் முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். "மணிக்கட்டைத் தூக்கற தசையெல்லாம் இந்த எலும்பு முனையிலதான் ஒட்டியிருக்குதுங்க. பின்னல் துணியை ஒரே எடத்துல புடிச்சு வருஷக்கணக்கா இழுத்துட்டே இருந்தா என்னாகும்?"

"தொய்ஞ்சு நூல் உட்டுரும்ங்க" என்றார் குமாரசாமி.

"அதேதான் ஆயிருக்குது. ஒடையலை, பிசகலை, நைஞ்சிருக்குது. மூணு வாரம் கைக்கு ஓய்வு வேணும். கத்திரியும் ஆகாது, மட்டையும் ஆகாது."

குமாரசாமி விரல் விட்டு எண்ணினார். இறுதி ஆட்டத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். "மூணு வாரத்துக்கு ரெண்டு நாள்தான் கொறையுது. எல்லாம் சரியாப் போயிருமுங்க" என்று டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

ஓய்வு என்பதற்கு அந்தக் கம்பெனியில் ஒரே பொருள்தான் உண்டு. நின்று செய்தால் வேலை, உட்கார்ந்து செய்தால் ஓய்வு. வெட்டுமேஜையில் நின்றுகொண்டிருந்த தண்டாயுதபாணியை இறக்கி, ஜமுக்காளம் விரித்து, முதுகுக்குப் பஞ்சு மூட்டை வைத்து, பனியன் ஓரத்தில் முத்திரை குத்தும் வேலையைக் கொடுத்தார் குமாரசாமி. அதுவரை முத்திரை குத்திக்கொண்டிருந்த வேலுமணியிடம் கத்திரி போயிற்று.

"சாஞ்சுக்கிட்டுக் குத்துங்க. அவசரமே இல்லை. ஒரு நாளைக்கு நூறு டஜன் போதும்."

நூறு டஜன் என்றால் ஆயிரத்து இருநூறு குத்து. முத்திரைக் கட்டையை இறுக்கிப் பிடி, மையில் ஒற்று, துணியில் அழுத்து, தூக்கு. மூன்றாம் நாள் வலி முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. ஏழாம் நாள் சோற்றை இடக்கையால் பிசைந்தார்.

அமராவதி நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுத்தாள். "நின்னா வலிக்குதுன்னீங்க. இப்ப உக்காந்தாலும் வலிக்குதுங்கறீங்க. படுத்தாச் செத்தே போயிருவீங்களாட்ட இருக்குது. மொதலாளிகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா ஆளை மாத்தீருவாரு புள்ள."

"மாத்தட்டும்."

"மாத்துனா மட்டையை மட்டுமா புடுங்குவாரு?"

அமராவதி அடுப்பைத் தூண்டினாள். கூடக் கொஞ்சம் இலை வதக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானத்தைச் சுற்றி ஆயிரம் பேர். தண்டாயுதபாணி முழங்கைக்குக் கீழே பனியன் துணியை நாலு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஓங்கி அடிப்பதை விட்டுவிட்டு, தள்ளுவது, தட்டுவது, ஏமாற்றுவது என்று ஒப்பேற்றினார். ஊத்துக்குளிக்காரர்கள் அதை ஏதோ புதுத் தந்திரம் என்று நினைத்து மிரண்டார்கள். ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டத்தில் இருபத்தாறுக்கு இருபத்தாறு. இருபத்தொன்பது எடுத்தவருக்குக் கோப்பை.

அதுவரை மைதானத்தில் குமாரசாமியைக் காணோம். கோப்பை என்றால் சோறு தண்ணி வேண்டாத மனுஷர் ஏன் வரவில்லை என்று, மாற்று ஆளாக வெளியே உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரிகூடக் கேட்டான். அந்த நேரத்தில் கூட்டம் விலகியது. குமாரசாமி ஓடி வந்துகொண்டிருந்தார். சட்டை இல்லை. மேலே ஒரு பனியன். அதன் கைவெட்டு அக்குளில் நிற்காமல் இடுப்பு வரை இறங்கியிருந்தது. கழுத்து தொப்புளை எட்டிப் பார்த்தது. கையில் ஒரு தபால் கார்டு.

மஞ்சள் கம்பளிப் பந்து தண்டாயுதபாணியின் தலைக்கு நேர் மேலே, அடி என்று கெஞ்சுகிற உயரத்தில் வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மட்டையை ஓங்கினார்.

"உடுங்க!" என்று அலறினார் குமாரசாமி. "அடிக்காதீங்க! பந்தை உடுங்க தண்டபாணி!"

ஓங்கிய மட்டை அந்தரத்தில் நின்றது. பந்து காலடியில் விழுந்து உருண்டது. இருபத்தேழு, ஊத்துக்குளிக்கு. ஆயிரம் பேர் வாயடைத்து நிற்க, குமாரசாமி ஒருவர் மட்டும் கைதட்டினார்.

நடுவர் இறங்கி வந்தார். "வெளிய இருந்து ஆட்டம் சொல்லிக்குடுக்கப்படாதுங்க."

"நான் ஆட்டஞ் சொல்லிக்குடுக்கலீங்க. என்ற கட்டிங் மாஸ்டரைக் கூப்புடறேன்." குமாரசாமி கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். "இதைப் படிங்க தண்டபாணி. பாலக்காட்டு யாவாரி எழுதி மூட்டைக்குள்ள வெச்சிருக்காரு."

தண்டாயுதபாணி இடக்கையால் கார்டை வாங்கினார். 'தாங்கள் அனுப்பிய சரக்கு கிடைத்தது. மளிகை வாங்கும் பை என்றால் அருமை. மனிதன் போட்டுக்கொள்ள என்றால், அப்படிப்பட்ட மனிதன் எங்கள் ஊரில் இல்லை. மூட்டையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.'

"மத்தியான ரயில்ல வந்து எறங்கிருச்சு" என்றார் குமாரசாமி. "போட்டுப் பாத்தேன். கழட்ட நேரமில்லை. எட்டு வருசத்துல ஒரு பீஸ் திரும்பி வந்திருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அந்த வேலுமணி பத்தொம்பது நாள்ல என்னைப் பைக் கடைக்காரனாக்கிட்டான்."

"மட்டைக்குத்தானுங்களே மொதலாளி என்னைக் கூட்டியாந்தீங்க?"

"கூட்டியாந்தது மட்டைக்குத்தான். யாரு இல்லைன்னா? கோப்பைய இன்னொரு வருசம் வாங்கிக்கலாமுங்க. இந்தக் கை போச்சுன்னா அப்பறம் நான் எங்க போவேன்? எப்படி இருக்குது? நெசத்தைச் சொல்லுங்க."

"முத்திரை குத்திக் குத்தி மணிக்கட்டுக்கும் எறங்கீருச்சுங்க."

"உக்காந்துதானே குத்துனீங்க?"

"உக்காந்ததென்னமோ உடம்புங்க. கை நின்னுட்டேதான் இருந்துச்சு."

குமாரசாமி அந்தக் கையை மெல்லத் திருப்பிப் பார்த்தார். பிறகு மட்டையைப் பிடுங்கி வெள்ளியங்கிரியிடம் எறிந்தார். "நாளைல இருந்து சாக்பீஸு. அதுவும் இடக்கைல. நீங்க கோடு போடுங்க, வேலுமணி வெட்டட்டும். மூணு வாரத்துக்கு இந்தக் கை வெத்தலைகூட மடிக்கப்படாது."

சொல்லிவிட்டு, தண்டாயுதபாணியின் முழங்கையை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, காற்றில் அணைந்துவிடும் விளக்கைக் கொண்டுபோவது மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தார். எலும்பு முறிந்துவிட்டது போலிருக்கிறது என்று கூட்டம் பயபக்தியோடு வழி விட்டது. ஊத்துக்குளிக்காரர் ஒருவர் சோடா வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். இன்னொருவர் துண்டால் விசிறினார்.

பின்னால் நடுவர் இருபத்தெட்டு என்று கத்தினார். யாருக்கு என்று தண்டாயுதபாணி திரும்பிப் பார்க்கவில்லை. பத்தொன்பது நாளுக்குப் பிறகு அவருக்கு நன்றாகப் பசித்தது.