நல்ல இங்கிலீஷ்

பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது எச்.எம். பலராமன் சார் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். வேண்டியவர்களை ஆளனுப்பிக் கூப்பிடுவதுதான் அவர் வழக்கம். அவரே நேரில் வந்து நின்றதைப் பார்த்ததும் பேனாவை மூடிவைத்தேன். நாற்பத்திரண்டு வயது, பதினேழு வருட சர்வீஸ், ஆனால் ஒரு பயம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. யார் தனியாகக் கூப்பிட்டாலும், லில்லியைப் பற்றித் தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும்.

"இளவரசி டீச்சர், ஒரு லெட்டர் எழுதணும். கொஞ்சம் ரூமுக்கு வாங்க" என்றார்.

அறையில் சிங்காரவேலு உட்கார்ந்திருந்தார். பாகூர் ஏரிப் பாசனத்தில் கரும்பும் நெல்லுமாகப் பத்துக் காணி பயிர் வைப்பவர். பெற்றோர் சங்கத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர் மகள் எங்கள் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். வணக்கம் சொல்லிவிட்டுத் தன் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஏதோ ஊர்வலம். வானவில் நிறக் கொடிகளுக்கு நடுவே எங்கள் பள்ளியின் ஒப்பந்த ஆங்கில ஆசிரியன் தமிழ்க்குமரன், இன்னொரு ஆணின் கையைப் பிடித்தபடி, கண் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என் பொண்ணு போன்ல வந்துச்சி டீச்சர். எங்க இங்கிலீஷ் சாருன்னு காட்டுது" என்றார் சிங்காரவேலு. அவர் குரலை உயர்த்தவில்லை. கோபத்தைவிடக் குழப்பம்தான் அதில் இருந்தது. "இன்னாபா இதுன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

எச்.எம். இடையில் புகுந்தார். "மார்ச்சோட கான்ட்ராக்ட் முடியுது. மறுபடி போட வேணாம்னு மேல எழுதிடலாம், அவ்ளோதான். அசிங்கமா எதுவும் வேணாம். நீங்க எழுதினாத்தான் இங்கிலீஷ் ஒழுங்கா இருக்கும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். தலைவலி என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சிங்காரவேலு என் முகத்தையே உற்றுப் பார்ப்பதாக எனக்குப் பட்டது. உண்மையில் அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

எச்.எம். கையால் எழுதி வைத்திருந்த தாளில் 'மோசமான நடத்தை உள்ளவர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். அப்படி எழுதினால் என்ன நடத்தை, யார் பார்த்தது என்று கேள்வி வரும். அதற்குப் பதிலாக, அவருடைய பொது நடவடிக்கைகள் மாணவர்களின் மனதில் சலனத்தை ஏற்படுத்தக்கூடும் எனப் பெற்றோர் கருதுவதாக எழுதினேன். அந்த வாக்கியத்தில் குற்றச்சாட்டு என்று எதுவும் இல்லை. யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஆகவே மறுப்பதற்கும் அதில் ஒன்றும் இல்லை. தேவையில்லாத ஒரு கமாவை நீக்கி, மறுபடி படித்தபோது வாக்கியம் கச்சிதமாக அமர்ந்திருந்தது. எனக்கு ஒரு சின்ன திருப்தி உண்டானது. பயந்து எழுதினேன் என்பதை எப்படியோ எனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. அந்தத் திருப்தியைத்தான் இன்றுவரை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

எச்.எம். இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "இதான் டீச்சர் இங்கிலீஷ்" என்றார்.

நானும் லில்லியும் அரியாங்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் ஒன்பது வருடங்களாக இருக்கிறோம். அவள் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். வீட்டுக்காரம்மாவுக்கும் தெருவுக்கும் அவள் என் சித்தி மகள். தமிழ் எனக்கு இந்த விஷயத்தில் ரொம்ப ஒத்தாசை. 'வூட்ல அவங்க காத்துகினு இருப்பாங்க' என்று சொன்னால் போதும், அவங்க என்பது யாரென்று கேட்பவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். ஆங்கிலம் அப்படி விடாது. ஹீயா ஷீயா என்று வாயைத் திறந்ததுமே கேட்கும். ஆறாம் வகுப்புக்கு 'என் குடும்பம்' பாடம் நடத்தும்போது பிள்ளைகள் என்னையும் சொல்லச் சொல்வார்கள். இறந்துபோன அப்பாவைப் பற்றியே ஒவ்வொரு வருடமும் சொல்லி முடித்துவிடுவேன். கொரோனா காலத்தில் பல நாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு இணையத்தில் ஒரு பயிற்சி நடந்தது. அர்ஜென்டினாவிலிருந்து ஓர் ஆண் ஆசிரியர், காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என் கணவர் தோட்டத்தில் இருக்கிறார் என்று மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அவரை அடுத்து வியட்நாமிலிருந்து ஒரு பெண், திரையை ஒரு கணம் பார்த்துவிட்டு, நான் தனியாக வாழ்கிறேன் என்றாள். அவள் பின்னால் கொடியில் இரண்டு அளவு உடைகள் காய்ந்துகொண்டிருந்தன. அடுத்தது என் முறை. என் கணவர் நர்ஸாக இருக்கிறார், அவர் இப்போது கொரோனா வார்டில் வேலை செய்கிறார் என்று சொன்னேன். வாழ்நாளில் ஒருபோதும் நேரில் பார்க்கப்போகாத இருபது பேரிடம். இரவுப் பணி முடித்து வந்து உள்ளறையில் படுத்திருந்த லில்லிக்கு அது கேட்டது. சாப்பிடும்போது, "உன் புருஷனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று இப்போது நினைவில்லை.

கடிதம் எழுதிய நான்காம் நாள்தான் அவளிடம் சொன்னேன். யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உன் பேர் இருக்குதா அதுல?"

"இல்ல. எச்.எம். கையெழுத்து."

"அப்போ உனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். பிறகு காலரைத் திருப்பி வைத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்க்குமரன் போன் செய்தான். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வருவதாகவும், ஓர் உதவி வேண்டும் என்றும் சொன்னான். வரச் சொல்லாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். கிடைப்பதற்குள் அவன் நன்றி சொல்லி வைத்துவிட்டான். பதினோரு மணிக்கு வந்து, செருப்பை ஒழுங்காக ஓரத்தில் கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். என் வாக்கியங்கள். நான் தேர்ந்தெடுத்த எழுத்துருவில், நான் விட்ட இடைவெளிகளோடு.

"ஆபீஸ்ல தெரிஞ்சவர் ஒருத்தர் குடுத்தாரு டீச்சர். இதுக்கு ஒரு பதில் எழுதணும். நானும் மூணு நாளா எழுதிப் பாக்கறேன், வரல" என்றான். "எழுதினவங்க ரொம்ப நல்லா எழுதி இருக்காங்க. தப்பு பண்ணான்னு எழுதி இருந்தா இல்லன்னு சொல்லலாம். இதுல எங்கயுமே புடி கிடைக்கல."

நான் தாளைக் கையில் எடுத்து, முதல் முறை படிப்பவளைப்போலப் படித்தேன். எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட யோசித்துப் படித்தேன்.

"இந்தப் படத்துல இருக்கறவரு...?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டது.

"ஃப்ரெண்டுதான். ஃப்ரெண்டுன்னா..." என்று நிறுத்தினான். காதுமடல் சிவந்தது. "உங்களுக்கு இதெல்லாம் புரியாது டீச்சர். பரவால்ல. மத்தவங்க என் பக்கத்துல உக்காரவே யோசிக்கறாங்க. நீங்க வூட்டுக்கு வரச் சொன்னீங்க. அதுவே போதும்."

லில்லி டீ எடுத்து வந்தாள். அவன் எழுந்து இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டு, யார் என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தான்.

"என் கசின்" என்றேன்.

ஒன்பது வருடம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன சொல். வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. உலகத்தில் யாரிடம் அதைச் சொல்லத் தேவையில்லையோ, அவனிடமே சொன்னேன். லில்லி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு எனக்கு எதிரிலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கசின்லாம் இல்லபா" என்றாள் அவனிடம். "நாங்க ரெண்டு பேரும் ஒம்போது வருசமா குடும்பம் நடத்திகினு இருக்கறோம்."

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கைப்பேசிப் படத்தில் பார்த்த அதே சிரிப்பு. "டீச்சர்" என்றான். "அந்த ஸ்கூல்ல நான் ஒருத்தன்தான்னு நெனச்சிகினு இருந்தேன். ரெண்டு வருசம் பக்கத்து பக்கத்து டேபிள்ல உக்காந்து சாப்ட்டு இருக்கறோம்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. லில்லி என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"தமிழ்" என்றேன். "இந்த லெட்டரை எழுதினது நான்."

அவன் சிரிப்பு உடனே போய்விடவில்லை. சொன்னது உள்ளே போய்ச் சேரும்வரை அது உதட்டிலேயே இருந்தது. பிறகு தாளை எடுத்து மறுபடி பார்த்தான். "எச்.எம். சொல்லச் சொல்ல எழுதினீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்று நான் சொல்லிவிட அவனே ஒரு வழி திறந்து வைத்ததுபோல இருந்தது.

"இல்ல. வார்த்தை எல்லாம் என்னுது."

தலையை ஆட்டினான். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். டீயைப் பாதி குடித்திருந்தான். மீதியையும் குடித்துவிட்டு டம்ளரை லில்லியிடம் கொடுத்து, "வரேங்க" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினான். லில்லி பின்னாலேயே போனாள். மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவன் பைக்கில் உட்கார்ந்திருந்தான், கிளப்பவில்லை. அவள் ஹேண்டில்பாரில் கை வைத்தபடி ஏதோ பேசினாள். கீழ் வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்து பார்த்தும் அவள் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொன்னதில்லை.

அன்று மாலை நானே ஒரு கடிதம் எழுதினேன். முந்தைய கடிதத்தின் வாசகங்கள் என்னுடையவை, அவற்றில் உண்மை இல்லை, தமிழ்க்குமரன் எடுத்த வகுப்புகளில்தான் வாயே திறக்காத பிள்ளைகள் ஆங்கிலம் பேசக் கற்றார்கள் என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி. அவரைப் போன்ற ஒருத்திதான் பதினேழு வருடங்களாக உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவருகிறாள் என்ற வரி. டைப் அடித்தேன், அழித்தேன். மூன்று முறை. அந்த வரி இல்லாமல்தான் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை எச்.எம். அதைப் படித்துவிட்டு, "இது இன்னாத்துக்கு டீச்சர் இப்போ. அந்தப் பையனே இனிமே வரலன்னு காலைல மெசேஜ் போட்டுட்டான்" என்று சொல்லி மேசை டிராயருக்குள் வைத்தார். மேலே அனுப்பினாரா என்று தெரியாது. நானும் இரண்டாம் முறை போய்க் கேட்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். அவன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறான் என்று யாரோ சொன்னார்கள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, லில்லியின் அக்கா வீட்டில் ராத்தங்கிவிட்டுக் காலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். வில்லியனூரில் ரயில்வே கேட் போட்டிருந்தது. லில்லி ஸ்கூட்டியை முன்னால் வரை ஓட்டிவந்து ஒரு கம்பெனி பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். நிமிர்ந்தால் ஜன்னலில் தமிழ்க்குமரன். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கையை நீட்டினால் ஜன்னலைத் தட்டிவிடலாம். நீட்டியும்விட்டேன்.

"எழுப்பாத" என்றாள் லில்லி, முன்னால் பார்த்தபடியே. "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வரான்."

ரயில் போனது. கேட் தூக்கினார்கள். பஸ் ஒரு குலுக்கலோடு தண்டவாளத்தில் ஏறியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் நெற்றி கண்ணாடியில் மெதுவாக மோதி, விலகி, மறுபடி மோதியது. அவன் கண் விழிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். லில்லி இன்னும் வண்டியைக் கிளப்பவில்லை.