சுவருக்கு இந்தப் பக்கம் கேட்ட படம்

தஸ்தகீர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அவரையும் படைத்தவனையும் தவிர வேறு யாருக்கும் தெரியாத விஷயம் இது.

சூளகிரியில் ஏறி ஓசூர் தொழிற்பேட்டையில் இறங்கும் கம்பெனி பஸ்ஸில் ஏழு வருஷமாக ஒரே வழக்குதான். வாதி, லேத் ஓட்டும் மாடசாமி, கோவில்பட்டிப் பக்கத்து ஆள். பிரதிவாதி, ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் தஸ்தகீர். துப்பறியும் நீலமேகமும் அவருடைய உதவியாள் வேதகிரியும் வரும் தொடர்கதையை இருவரும் சின்ன வயதில் விழுந்து விழுந்து படித்தவர்கள். அந்தக் கதை தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை படமாக வந்தது. எது உசத்தி என்பதுதான் வழக்கு.

மாடசாமிக்குத் தமிழ்ப் படம்தான் உயிர். அதில் நீலமேகம் தொப்பியைச் சரித்துக்கொண்டு நடந்து வந்தாலே திருடன் பாதி ஒப்புக்கொண்டுவிடுவான். அதெல்லாம் சரி, வேதகிரியை என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள் என்று தஸ்தகீர் கேட்பார். நாற்காலியில் உட்காரத் தெரியாத கோமாளி, அரிசிக் குதிருக்குள் ஒளிந்துகொண்டு தும்முகிறவன்! காலமெல்லாம் கூடவே அலைந்த மனுஷனுக்கு இதுதானா மரியாதை? கன்னட வேதகிரி அப்படியில்லை. நீலமேகம் காய்ச்சலில் கிடக்கிறார், கொலைகாரன் வரப்போகிறான், கொட்டுகிற மழை. குடையை விரித்தால் அதன்மேல் மழை விழும் சத்தத்தில் காலடி கேட்காது என்று, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விடிய விடிய வாசலில் நிற்கிறான் வேதகிரி. ஒரு வசனம் கிடையாது. இந்த இடத்தைத் தஸ்தகீர் சொல்லும்போது டிரைவர்கூட ஹாரன் அடிக்க மாட்டார்.

உண்மையில் தஸ்தகீர் பார்த்தது சுவரைத்தான். எழுபத்து நாலில் பெங்களூரில் ஒரு தியேட்டரின் சோடாக் கடையில் அவருக்கு வேலை. கடைக்கும் கொட்டகைக்கும் ஒரே சுவர். அந்தக் கன்னடப் படம் பதினான்கு வாரம் ஓடியது, தினம் நாலு காட்சி. முதலாளி ஒரு நாள்கூட ஒரு காட்சிக்கு உள்ளே விட்டதில்லை. வசனம் முழுக்க மனப்பாடமாகிவிட்டது. நடுநடுவே பேச்சில்லாமல் மழைச் சத்தம் மட்டும் வரும் இடங்களில் என்ன நடக்கும் என்று கிளாஸ் கழுவிக்கொண்டே யோசித்து, கடைசியில் மனசுக்குள் அவரே நடத்தி வைத்தார். பஸ்ஸில் பழக்கமான முதல் நாள், படத்தைப் பார்த்திருக்கிறீரா என்று மாடசாமி கேட்டார். பார்த்தேன் என்று வாய் தவறி வந்துவிட்டது. ஒற்றை வார்த்தைதான். அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

எண்பத்தெட்டு ஆயுத பூஜையில் வந்தது வினை. மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பொரி கொடுத்து, குடும்பத்தோடு சாப்பிட்டு முடித்ததும் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். இந்தத் தடவை பாய் சொல்லும் படம்தான் என்று தொழிலாளர் மன்றச் செயலாளர் ரத்தினவேல் அறிவித்தார். பெங்களூரெல்லாம் அலைந்து கேசட்டைப் பிடித்துவிட்டாராம். தஸ்தகீருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. லீவு போட்டுவிடலாம் என்று பார்த்தால், மனைவி சுக்ரா புதுப் புடவையை எடுத்து வைத்துவிட்டாள். நாலு பேர் பொய்யன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மாடசாமி இனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார மாட்டாரே என்பதுதான் அவர் கவலை.

பேக்கிங் ஷெட்டில் நூறு பேர் கூடியிருந்தார்கள். மாடசாமி துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். முதல் அரை மணி நேரம் தஸ்தகீர் சொன்னது சொன்னபடியே போனது. பிறகு படத்தில் மழை பிடித்தது. நீலமேகம் காய்ச்சலில் கிடந்தார். வாசலில் ஒருவரையும் காணோம். வேதகிரி உள்ளே சாக்கு மூட்டைமேல் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். அவன் மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. குழந்தைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் திரும்பித் தஸ்தகீரைப் பார்த்தார்கள்.

மாடசாமி எழுந்தார். ஏழு வருஷ வழக்கில் ஜெயித்த ஆள், என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

“ரத்தினவேலு, இது வெட்டுன கேசட்டு. மழையில நிக்க சீனு இதுல இல்ல. நான் தியேட்டர்ல பாத்திருக்கேன்.”

பெங்களூர்ப் பக்கமே போகாத மனுஷன், கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாதவர். ஆனாலும் அவர் சொன்ன தோரணையில் பாதிப்பேர் நம்பிவிட்டார்கள். தஸ்தகீர் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பார். பொய் பேசிப் பழக்கமில்லாத மாடசாமி தனக்காக நூறு பேர் முன்னால் அப்படி நின்றதை அவரால் பார்க்க முடியவில்லை.

“உக்காருங்க அண்ணாச்சி. நான் இந்தப் படத்தப் பாக்கவே இல்லீங்க. சுவத்துக்கு இந்தாண்ட சோடாக் கடையில நின்னு கேட்டதுதான். மழையில அவன நிக்க வெச்சது நான்.”

ரத்தினவேல் டெக்கை நிறுத்தினார். சுக்ரா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். மாடசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொன்னதற்காக வந்த கோபமாக அது தெரியவில்லை.

“ஏழு வருசமா பஸ்ல அவனத் திட்டிக்கிட்டே வாரேன். வீட்டுல போயிப் படுத்தா, பாவம், நனையுதானேன்னு இருக்கும். அவன் இல்லவே இல்லியா வே?”

தஸ்தகீருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாடசாமி விறுவிறுவென்று முன்னால் போனார். பேக்கிங்குக்கு வைத்திருந்த சாக்குத் துணியை உதறி டிவியின் மேல் போட்டுப் படம் தெரியாமல் மூடினார். கேசட்டை மழை தொடங்கும் இடத்துக்கே திருப்பச் சொன்னார். பிறகு திரும்பி வந்து தஸ்தகீரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சத்தம் வருது பாய். நீரு சொல்லும்.”

ஒருவரும் எழுந்து போகவில்லை. தஸ்தகீர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேதகிரியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினார்.