குடம் அளவு முன்பல்

செயற்கைப் பல்லுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. நன்றாக அமைந்துவிட்டால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கடித்தால் இடிக்கிறது, நாக்கில் உரசுகிறது என்றால்தான் பல் செய்து தரும் லேபுக்குப் போன் வரும். லேபில் எல்லோரும் ‘சிற்பி’ என்று கிண்டலாகக் கூப்பிட்ட மனிதருக்குப் போனே வந்ததில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

லேப்காரர்கள் இடத்தைச் சுருக்கி, டிசைன் வேலையை வீட்டிலிருந்தே செய்யச் சொன்ன பிறகு அந்தக் கிண்டலும் நின்றது. ஒற்றை அறை, ஒரு ஜன்னல், பெரிய திரை, வேலைக்கு நடுவே ஆறிப்போகும் டீ. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒருவரின் வாய், ஸ்கேன் செய்யப்பட்டு, சாம்பல் நிறத்தில் காத்திருக்கும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்த வாயில் பல் போன இடத்துக்கு ஒரு பல் வேண்டும். அதற்கென்று மென்பொருளிலேயே ஓர் அலமாரி உண்டு. முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து, இழுத்து, திருப்பி, பக்கத்துப் பல்லைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, எதிர்ப்பல் வந்து இடிக்கும் இடத்தில் கொஞ்சம் சுரண்டினால் வேலை முடிந்தது.

அந்த அலமாரிப் பற்களைக் கண்டாலே சிற்பிக்கு ஆகாது. புதுச் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். வலது முன்பல்லைக் கண்ணாடியில் காட்டினால் இடது முன்பல் தயார். எந்த மனிதருடைய வாயில் அப்படி இருக்கிறது? ஒன்று கொஞ்சம் திரும்பியிருக்கும், இன்னொன்று ஒரு மயிரிழை தேய்ந்திருக்கும். அந்தக் கோணல்தான் சிரிப்பைச் சிரிப்பாக்குகிறது.

அதனால் ஓய்வு நேரத்தில் அவரே ஒரு மேல் முன்பல்லைச் செதுக்க ஆரம்பித்தார். உளி சுத்தியல் எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரோடு இணைத்த பலகையில் மின்பேனாவால் தடவினால் திரையில் இருக்கும் பல் களிமண்போலக் குழியும், புடைக்கும். முளைத்த புதிதில் முன்பல்லின் நுனியில் மூன்று சின்ன மேடுகள் இருக்கும். கடித்துக் கடித்துத்தான் அவை மட்டமாகின்றன. அந்த மேடுகள் பாதி தேய்ந்த பருவத்தை அவர் பிடித்தார். பிறகு வரிகள். எனாமல் அடுக்கு அடுக்காகப் படிந்து வளர்வதால், குளத்து அலைபோலக் குறுக்கே மெல்லிய வரிகள் விழும். வயதாக ஆகத் தேய்ந்து மறையும். அவற்றை ஒவ்வொன்றாக இழுத்தார். எல்லாம் ஒரே இடைவெளியில் விழுந்துவிடாதபடி பார்த்துப் பார்த்து இழுத்தார்.

முடித்ததும், பல் டிசைன்காரர்கள் தங்கள் மாதிரிகளைப் பகிர்ந்துகொள்ளும் இணையதளத்தில் இலவசமாகப் போட்டார். யாராவது ஒருவர் பார்த்து, “இந்த வரியை எப்படிங்க இழுத்தீங்க?” என்று கேட்க மாட்டார்களா? அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பலர் எடுத்துக்கொண்டார்கள். இந்நேரம் எத்தனையோ வாய்களில் அந்தப் பல் சோறு மென்றுகொண்டிருக்கும். ஆனால் பக்கத்தின் கீழே கருத்துப் பெட்டி காலியாகவே கிடந்தது.

அக்கா மட்டும் போன் செய்வாள்.

“டேய், என்ன பண்ணிக்கிட்டிருக்க?”

“ஒரு பல்லுக்கா. அதுல பாரு, எனாமல் அடுக்கடுக்கா வளரும்போது...”

“போதும்டா சாமி! போன மாசமும் இதே பல்லுதானே? எனக்கு இருக்கிறதே ஆடிக்கிட்டிருக்கு, நீ வேற. மனுஷங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுடா.”

“உங்கிட்டதானே பேசிக்கிட்டிருக்கேன்.”

“நான் கேட்டாதானே அது பேச்சு? இரு, அடுப்புல பால் பொங்குது.” வைத்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“இணையத்துல முன்பல் ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது நீங்கதானா? நான் பல் டாக்டர் பேசுறேன். ஏங்க, அது மனுஷன் பல்லா, இல்ல பூதத்தோட பல்லா?”

சிற்பி மின்பேனாவைக் கீழே வைத்தார். “ஏன் மேடம், என்ன ஆச்சு?”

“நோயாளிகளுக்குக் காட்டலாம்னு அந்தப் பல்லை, பிளாஸ்டிக்ல உருவமா அச்சடிக்கிற 3D கடையில கொடுத்தேன். கடைக்காரர் குடம் சைஸுக்கு ஒண்ணைத் தூக்கிட்டு வந்து நிக்கிறார்!” டாக்டரம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

என்ன நடந்தது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த வகைக் கோப்புக்குள் எண்கள் மட்டும்தான் இருக்கும், அலகு இருக்காது. அகலம் எட்டு என்று இருந்தால் எட்டு மில்லிமீட்டரா, எட்டு அங்குலமா என்று கோப்புக்கே தெரியாது. போடுகிறவர்தான் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். வரிகளில் அத்தனை கவனமாக இருந்தவர் அதை எழுத மறந்துவிட்டார். கடைக்காரரின் இயந்திரம் அங்குலம் என்று எடுத்துக்கொள்ள, பல் இருபத்தைந்து மடங்கு வளர்ந்துவிட்டது.

“மன்னிச்சுக்கங்க மேடம், அலகு போட விட்டுட்டேன்.”

“மன்னிப்பெல்லாம் எதுக்கு? எல்லாரும் அதைத்தான் பார்க்கிறாங்க. வந்து பாருங்களேன். எனக்கும் உங்ககிட்ட நிறையக் கேக்கணும்.”

நிறையக் கேட்க வேண்டுமாம்! சிற்பி சட்டையை இஸ்திரி போட்டார். வரிகளைப் பற்றி முதலில் சொல்வதா, மேடுகளைப் பற்றியா? பஸ்ஸில் உதடு அசைய ஒத்திகை பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கிளினிக்கில் டாக்டர் கையுறையோடு எட்டிப் பார்த்தாள். “வந்துட்டீங்களா? ஒரு அவசர கேஸ். அஞ்சே நிமிஷம்.” கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கும் அறையின் மூலையில், முக்காலி மேல் அவருடைய பல் இருந்தது. அதன்மேல் யாரோ தொப்பியைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். தொப்பியை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் பல்லை உற்றுப் பார்த்தார். அறிமுகமில்லாத வீட்டில் சொந்தப் பிள்ளையைப் பார்ப்பதுபோல இருந்தது. ஐந்து நிமிடம் அரைமணி நேரமானது. சுற்றிலும் ஆட்கள் கன்னத்தைப் பிடித்தபடி போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளிருந்து ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெயிண்டர். நகக்கண்ணெல்லாம் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்ட். பல் பிடுங்க ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவர் பல்லைச் சுட்டிக்காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

“நான் செஞ்சதுங்க” என்றார் சிற்பி.

“ஆ?” பாதி உதடு மட்டும் அசைந்தது.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. மேடுகள், தேய்மானம், எனாமல், அலகில்லாத எண்கள் என எல்லாவற்றையும் சொன்னார். பெயிண்டரால் ‘ம்’ கொட்ட மட்டும்தான் முடிந்தது. ஆனால் சரியான இடங்களில் கொட்டினார்.

“இதுல ரெண்டு விதமான வரி இருக்குங்க. அச்சு மெஷின் பிளாஸ்டிக்கை இழை இழையா அடுக்குது இல்லையா, அதுவும் குறுக்கேதான் வரி போடும். நான் போட்டதும் குறுக்கேதான். இப்ப எது மெஷினோடது, எது என்னோடதுன்னு பார்த்தா தெரியாது.”

பெயிண்டர் எழுந்து போய், கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் பட்டி பூசித் தேய்த்த இடத்தைத் தடவுவதுபோல மேலிருந்து கீழே விரலை இறக்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. கண்ணைத் திறந்து சிற்பியைப் பார்த்தார்.

“அதுதாங்க” என்றார் சிற்பி. “அது நான் போட்டது.”

பெயிண்டர் ஏதோ கேட்க வந்தார். “ஏ... எப்ழீ...” எச்சில்தான் வழிந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்தது. உள்ளேயிருந்து அழைத்தார்கள், அவர் போய்விட்டார்.

சற்று நேரத்தில் டாக்டர் வந்தாள், முகமெல்லாம் வேர்வை. “ஸாரிங்க. நான் கேக்க நெனச்சது என்னன்னா, இதே மாதிரி சொத்தை விழுந்த கடைவாய்ப்பல் ஒண்ணு பெரிசா செஞ்சு தருவீங்களா? குழந்தைங்களைப் பயமுறுத்தறதுக்கு.”

“தரேன் மேடம்.”

“வேற ஏதாவது சொல்லணுமா?”

சிற்பி யோசித்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்தாகிவிட்டது. “ஒண்ணும் இல்லைங்க” என்று கும்பிட்டார்.

வெளியே வந்தபோது பெயிண்டர் பஞ்சைக் கடித்தபடி படியில் நின்றிருந்தார். ஒரே பஸ் நிறுத்தம். இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

“என்னமோ கேக்க வந்தீங்களே?”

பெயிண்டர் தலையாட்டினார். பஞ்சைக் காட்டினார், கைக்கடிகாரத்தைத் தட்டினார். மரப்பு விட ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது.

“பரவாயில்லைங்க, நான் இருக்கேன். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.”

சிற்பியின் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. பெயிண்டர் ஒரு விரலைக் குறுக்கே மெல்ல இழுத்துக் காட்டி, கையை விரித்தார். எப்படி இழுத்தாய் என்ற கேள்வியேதான். சிற்பி பதில் சொல்ல மூச்சை இழுத்த நேரம் பெயிண்டரின் பஸ் வந்து நின்றது. அந்த வழியில் அதற்குப் பிறகு பஸ் கிடையாது போலிருக்கிறது. கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு ஏறியது. ஜன்னலோரம் அவர் முகம் தெரிந்தது. பாதி முகம் சிரித்தது, மற்ற பாதிக்கு இன்னும் உணர்வு வரவில்லை.

“பேனாவை அழுத்தக் கூடாதுங்க” என்று சிற்பி பஸ்ஸோடு நாலடி ஓடிக்கொண்டே கத்தினார். “சும்மா மேல விட்டுட்டே போகணும். கை தானா நடுங்கும் பாருங்க, அந்த நடுக்கம்தான்...”

பஸ் திருப்பத்தில் மறைந்தது. சிற்பி நிறுத்தத்துக்குத் திரும்பி வந்து, தன் பஸ்ஸுக்காக நின்றார்.