இட்வால் நுழையாத கோட்டை

இட்வாலுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. லான்ரூஸ்ட்டில் நெஸ்டாவை அவள் வீட்டு வாசலில் காரில் ஏற்றிக்கொண்டபோதே கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் வாளியும் கையுமாகக் கார் கழுவிக்கொண்டு நின்றான் என்று விட்டுவிட்டான். ஐம்பத்தெட்டு வயது ஆள். மலைப்பாதையில் லாரி ஓட்டிய காலத்தில் எதிரே வந்த எவனுக்கும் வழி விடாதவன். ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இப்படி மென்று முழுங்கிக்கொண்டிருந்தான்.

‘என்னைக் கட்டிக்கிறாயா?’ அவ்வளவுதான் கேள்வி.

அதை இன்றைக்கே கேட்டாக வேண்டும். நெஸ்டா குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். தெற்கே கயர்ஃபிலியில் இருக்கும் அவள் அக்கா எய்ர்லிஸ், மாடி அறை சும்மா கிடக்கிறது, என்னோடு வந்துவிடு என்கிறாள். வராவிட்டால் வேறு யாருக்காவது விடவேண்டும், ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் சொல் என்று கெடுவும் வைத்துவிட்டாள். அந்த ஞாயிறு இன்றுதான். நெஸ்டா இதையெல்லாம் இட்வாலிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு பெண்பிள்ளை இதற்கு மேல் எப்படி வாய் திறப்பாள்? இந்த மனுஷனோ ஒவ்வொரு தடவையும் ‘அப்படியா’ என்று தலையாட்டினான். ஓங்கி ஒரு குட்டு வைக்கலாம் போலிருக்கும்.

நாலு வருஷமாக இருவரும் ஞாயிறு தவறாமல் கோட்டை பார்க்கப் போகிறவர்கள். அதில் இட்வாலுக்கு ஒரு சட்டம் உண்டு. வேல்ஸின் பழைய இளவரசர்கள் கட்டியது என்றால் இடிந்த சுவர் ஒன்று நின்றாலும் போதும், கொட்டும் மழையில் ஏறுவான். நம்மை அடக்கி வைக்க இங்கிலீஷ் ராஜா கட்டியது என்றால் வாசற்படியை மிதிக்கமாட்டான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கயர்னார்வன் கோட்டைக்குக் கூட்டிப்போனபோது, எல்லாரும் உள்ளே ஓட, இவன் மட்டும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து ரொட்டியைத் தின்றான். அன்று பிடித்த பிடிவாதம் இன்னும் விடவில்லை. ஆகவே கல்யாணப் பேச்சும் நம் கோட்டையில்தான் நடக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தான்.

முதலில் டோல்விதெலன். மலைச்சரிவில் ஒற்றைக் கோபுரம், சுற்றிலும் ஆடுகள். நெஸ்டா ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, வெண்ணெய் தடவிய பழரொட்டித் துண்டு ஒன்றை அவன் கையில் வைத்தாள். இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினான். அந்த நிமிஷம் பார்த்து சைக்கிள்காரர் கூட்டம் ஒன்று வியர்வையும் சிரிப்புமாக மேலேறி வந்தது. அதில் ஒருவன் தங்களைப் படம் எடுத்துத் தரச்சொல்லி இவனிடமே போனை நீட்டினான்.

“வேற இடம் போலாம்” என்றான் இட்வால்.

“இப்பத்தானே வந்தோம்? டீ கூட ஆறலை.”

“இங்க கூட்டம்.”

லான்பெரிஸ் ஏரிக்கு மேலே டோல்பாடர்னில் ஈ காக்கை இல்லை. வட்டக் கோபுரமும் காற்றும் மட்டும்தான். நெஸ்டா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாயைத் திறந்தான். இளவரசன் ஒருவன் கூடப் பிறந்த அண்ணனையே இருபது வருஷத்துக்கு மேல் அடைத்து வைத்தது இந்தக் கோபுரத்தில்தான் என்று சொல்வார்கள். அது இப்போதா ஞாபகத்துக்கு வரவேண்டும்? இங்கே நின்று கேட்டால் விளங்குமா என்று வாயை மூடிக்கொண்டான்.

“என்ன, வந்தத திருப்பி முழுங்கிட்டே?” என்றாள் நெஸ்டா.

“ஒண்ணுமில்ல. கிறிக்கியத் கோட்டைக்குப் போலாமா? கடலோரமா நல்லா இருக்கும்.”

“அதுல பாதி இங்கிலீஷ்காரன் கட்டினதுன்னு நீதானே சொல்வே?”

“நம்ம பாதியில நின்னுக்கலாம்.”

“கடையில சட்டை பொறுக்குற மாதிரில்ல பொறுக்கிட்டிருக்கே கோட்டைய!” அவள் மடமடவென்று இறங்கிப்போய்க் காரில் ஏறிக் கதவை அறைந்தாள். “வண்டிய கயர்னார்வனுக்கு விடு.”

“அங்கயா? அங்க என்ன இருக்கு?”

“எனக்குப் பிடிச்ச கோட்டை இருக்கு.”

அவன் கை சாவியிலேயே நின்றுவிட்டது. நாலு வருஷத்தில் இதை இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

கோட்டை மதிலடியில், ஆற்றங்கரையில் காரை நிறுத்தினான். “நான் உள்ள வரமாட்டேன், உனக்குத் தெரியுமே” என்றான்.

“தெரியும். நான் அந்தப் பெரிய கோபுரத்து உச்சியில இருப்பேன். பஸ்ல உக்காந்து ரொட்டி தின்ன பிள்ளை இங்கயே தின்னுக்கிட்டு இரு.”

அவள் போய்விட்டாள். இட்வால் காருக்குள் உட்கார்ந்தான், இறங்கினான், டயரை உதைத்துப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் அவளுடைய பச்சைக் கோட்டு மட்டும் தெரிந்தது. அவள் கடலையும் பார்க்கவில்லை, இவனையும் பார்க்கவில்லை. குனிந்து போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குத்தான் பதில் அனுப்புகிறாள் என்று அவனுக்குப் பட்டது. அவ்வளவுதான், காரைப் பூட்டக்கூட மறந்து ஓடினான்.

டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் சிரித்தாள். “மொத தடவையா வர்றீங்களா?”

“ஆமாம்மா.”

“ரொம்ப தூரத்துலேர்ந்தா?”

“பெதெஸ்டா.”

அந்தப் பெண் டிக்கெட்டைக் கொடுக்காமல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பெதெஸ்டா பக்கத்து ஊர். “சரி, இப்பவாவது வழி தெரிஞ்சுதே” என்றாள்.

சுழல் படிகளில் மூச்சிரைக்க ஏறினான். மேலே நெஸ்டா போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, உடனே வாடியது.

“எங்கம்மா இங்கதான் டிக்கெட் குடுத்துட்டிருந்தா. ஸ்கூல் விட்டா நான் நேரா இந்தக் கோபுரம்தான். ராஜா எவனோ இருக்கட்டும், கல்லு சுமந்தவன்ல நம்ம ஆளும் இருப்பான்ல? உனக்கு எது பிடிக்கும்னு ஒரு நாளாவது கேட்டியா, இட்வால்?”

“கேக்கலை. தப்புதான்.” மூச்சு வாங்கியது. “நெஸ்டா, என்னைக் கட்டிக்கிறியா? என் வீட்டுக்கு வந்துடு.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “காலையில கார்ல கேட்டிருந்தா சரின்னிருப்பேன். பெட்ரோல் பங்க்ல நின்னு கேட்டிருந்தாலும் சரின்னிருப்பேன். இப்பத்தான் எய்ர்லிஸுக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். உடனே போன் பண்ணி அழுதுட்டா. சந்தோஷத்துல. நான் அவளுக்கு இல்லைன்னு சொல்லமாட்டேன்.”

காற்று இட்வாலின் சட்டையைப் பிடித்து இழுத்தது. அவளில்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தான், தாங்கமுடியவில்லை. நாள் முழுக்க எந்த இடத்தில் கேட்பது என்று அலைந்ததெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது.

“அப்ப நான் கயர்ஃபிலிக்கு வர்றேன்” என்றான்.

“உன்னை யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடலை. அதான் கேக்கிறேன். வரட்டுமா?”

“அக்கா வீட்டு ஜன்னலைத் திறந்தா எதிர்ல கோட்டைதான். நம்ம இளவரசனை அடக்கத்தான் அதையும் இங்கிலீஷ்காரன் கட்டினான். இதைவிடப் பெரிசு. தினம் பாத்தாகணும்.”

“பாத்துட்டுப் போறேன்.”

“அக்கா உன்னை வறுத்தெடுப்பா.”

“எடுக்கட்டும். வரட்டுமா, நெஸ்டா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டின் பக்கம் நடந்தாள்.

“பதில் சொல்லாமப் போறியே!”

“நீ நாலு வருஷம் எடுத்துக்கிட்டே. நான் கீழ போய்ச் சேர்ற வரைக்குமாவது எடுத்துக்கக் கூடாதா?”

இருட்டுப் படிகளில் அவள் முன்னே இறங்க, இவன் சுவரோரக் கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் தவித்துக்கொண்டே இறங்கினான். அவள் வேண்டுமென்றே மெதுவாக இறங்கினாள்.