மட்டைக்குக் கீழே இருந்த மண்

என் தாய்மாமா செம்பியனுக்கு, விருந்தாளி வருகிறார் என்றால் கை சும்மா இருக்காது. என் மூன்று வருஷ ஆராய்ச்சியை ஒரே சாயங்காலத்தில் கொளுத்திவிட்டார்.

குமராட்சி பக்கம் அவருடைய பாமாயில் தோப்பு. வெட்டிய மட்டையை எரித்தால் அதிலுள்ள கார்பன் புகையாகப் போய்விடும். மரங்களுக்கு நடுவில் அடுக்கி மட்கவிட்டால் கொஞ்சமாவது மண்ணில் தங்கும். எவ்வளவு தங்குகிறது என்று அளப்பதுதான் என் வேலை. கடைசி அளவு எடுக்க அன்று என் பேராசிரியர் வருவதாக இருந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தால், அடுக்கு இருந்த இடமெல்லாம் சாம்பல்.

“என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க?”

“காலேஜுலேர்ந்து பெரியவங்க வர்றாங்க. குப்பையும் கூளமுமா கெடந்தா என்ன நெனப்பாங்க? கூட்டிக் கொளுத்திட்டேன் லேகா.”

“அந்தக் குப்பையப் பாக்கத்தான் அவரு வர்றாரு.”

மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கு இரக்கமே வரவில்லை. கடைசி அளவு என்றதும் மட்டைக்கு வேலை முடிந்தது என்று நினைத்தாராம். பட்டம் போச்சு என்று ஒரு மூச்சு அழுதேன்.

பேராசிரியர் வந்தார். சாம்பலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“மட்டைக் கணக்கு போச்சு. மண்ணு இருக்குல்ல? குழாய எறக்கும்மா.”

மண் எடுக்கும் குழாயை இறக்கினேன். சாம்பலுக்கு நாலு விரல் கீழே ஈரமான கறுப்பு மண், மண்புழுவோடு வந்தது. மட்டையே போடாத வரிசையில் எடுத்தது வெளுத்து, கட்டிதட்டிக் கிடந்தது. எவ்வளவு கார்பன் என்று லேபில்தான் தெரியும். ஆனாலும் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மாமா இரண்டையும் கைக்கு ஒன்றாக வாங்கிப் பார்த்தார்.

“நேத்து கொளுத்துன மட்டையும் இப்படி மண்ணா ஆயிருக்குமா?”

“கொஞ்சம் ஆயிருக்கும் மாமா.” சொல்லும்போதே கோபம் இறங்கிவிட்டது.

அந்த நேரம் பக்கத்துத் தோப்பில் ராஜ்கமல் மட்டையைக் குவித்துக்கொண்டிருந்தார். மாமா தோப்பு பளிச்சென்று ஆனதைப் பார்த்து அவருக்கும் கொளுத்த ஆசை. மாமா செருப்புகூட மாட்டாமல் வரப்பில் ஓடினார்.

“மச்சான், தீப்பெட்டிய உள்ள வை. மொதல்ல இதப் பாரு.”

கறுப்பு மண்ணை அவர் உள்ளங்கையில் அப்பினார். ராஜ்கமல் மோந்து பார்த்தார், விரலால் உதிர்த்தார், தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அது நான் லேபுக்கு எடுத்த மண். திரும்பக் கேட்க மனசு வரவில்லை. இன்னொரு தடவை குழாயை இறக்கினேன்.