மதில்மேல் மீன்

என் கணவர் சாலிஹ் நல்ல நெசவாளி. நேர்மைதான் அவருக்குக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் தாய்வழிக் குடி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. அதைத்தான் மாட்டின் தொடையில் சுடுவோம். அடுத்த குடியின் குறியை மறைப்பது களவு. சாலிஹ் அந்தச் சட்டத்தைச் சாயத்துக்கும் நீட்டினார். ஜெர்மன் சாயம் வரும் தகரப் பேணியில் ஒரு மதிலும் அதன்மேல் ஒரு மீனும் இருந்தன. "சாயம் அவங்கட. அவங்கட குறிய மறைக்கப்படாது" என்று சொல்லி, இடுப்பில் கட்டும் சாரன் ஓரத்திலெல்லாம் அதை நெய்துவிட்டார்.

அது ஒரு ஜெர்மன் ஊரின் சின்னம் என்று சாயக்கடை செபஸ்தியாம்பிள்ளை சொல்லியிருந்தார். பகைவர்கள் அந்த ஊரை மாதக்கணக்கில் வளைத்திருந்தார்களாம். கடைசியில் மிஞ்சியது ஒரே மீன். அதையும் ஊர்க்காரர் மதிலுக்கு மேலால் வெளியே எறிந்தார்களாம். உள்ளே சாப்பாடு குவிந்து கிடக்கிறதென்று நம்பிப் பகைவர்கள் போய்விட்டார்களாம்.

"பசியில கிடக்கிறவன் மீனை எறிவானா?" என்று நான் சிரித்தேன்.

1940. எங்களை ஆண்ட வெள்ளைக்காரனுக்கு ஜெர்மனியோடு யுத்தம். ஒரு காலை இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் சாரனொன்றைக் கையில் பிடித்தபடி வீட்டு வளவுக்குள் வந்தார்.

"இது ஆர்ர அடையாளம்? ஜெர்மன்காரனுக்கு ஆளா நீ?"

சாலிஹ் வாயைத் திறந்தார். மனிதர் உண்மையைச் சொல்லி மறியலில் அடைபடப்போகிறார் என்று தெரிந்தது. முந்திக்கொண்டேன்.

"எங்கட குடிக் குறி ஐயா. வாவி மீன், கோட்டை மதில்."

அவர் லேசில் விடுகிற ஆளில்லை. குடிக்கு ஒரு குறிதான் என்பது அவருக்கும் தெரியும். வேலியில் கட்டியிருந்த பசுவின் தொடையைப் பார்த்தார். அதில் இருந்தது என் உம்மாவின் வில் குறி.

"அப்ப இந்த மாடு ஆர்ர?"

எங்களுக்கு இருந்தது அந்த ஒரே பசு. உம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது.

"தெரியா ஐயா. வழி தவறி வந்திரிக்கி."

அந்த நேரம் பார்த்துப் பசு என் முக்காட்டு நுனியை நக்கியது. இன்ஸ்பெக்டரின் கண் என்மேல் நின்றது. நான் பசுவின் முகத்தில் ஓங்கி அடித்தேன். அது மிரண்டு விலகியது.

சாரனைத் திண்ணையில் போட்டுவிட்டுப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனார்.

"உம்மாட குறிய இல்லெண்டுட்டியே, ஸைனம்பு" என்றார் சாலிஹ்.

"நீங்க இரிக்கிறீங்கதானே" என்றேன். கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.