பரண் மேல் இருந்த பை

பை வெடித்த சத்தம் ஒன்றும் பெரிதில்லை. வீட்டுக்காரர் நைனா முகமது போட்ட கூச்சலில்தான் சாதிகா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ஒத்தடம் கொடுக்கிற வெந்நீர்ப் பை அவருடைய இடது முட்டியில் வாயைப் பிளந்து கிடந்தது. தொடை செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்த பிறகும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அது புத்தம்புதுப் பை. நாத்தனார் சவூதியிலிருந்து கொண்டு வந்தது. வெளிநாட்டுச் சாமானைச் சட்டென்று புழங்கிவிடுகிற வழக்கம் அந்த வீட்டில் ஏது? சோப்புக்கட்டியே வாசம் போகும்வரை பீரோவில் இருக்கும். பையை அட்டைப்பெட்டியோடு அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றியவள், பல வருஷமாக அதைத் தொடவில்லை. மகள் சனோபரின் கல்யாணத்துக்கு, தன்னைக் கேட்காமலே வாடிப்பட்டியில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த மனுஷனோடு ஒரு வாரமாகப் பேச்சில்லை. இறங்கிப் போய்ப் பேச வாய் வரவில்லை. அதனால்தான் அவருடைய முட்டிவலிக்குப் பழைய பையை விட்டுவிட்டு, சமாதானத்துக்காக இருப்பதிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தாள்.

"கோவத்துல மூடியச் சரியாப் போடலையா?"

ஒரு வாரம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு அது. இல்லை என்று சொல்ல வந்தவள் நின்றுவிட்டாள். திருகும்போது கையில் கோபம் இருந்ததா? யோசிக்க யோசிக்க, இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

ஒத்தக்கடைக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தும் அவள் தம்பி ஜுல்பிகர் வந்து பையைப் புரட்டினான். மூடி இறுகியே இருந்தது. மடிப்பு நெடுக விரிசல். விரலால் அழுத்தியதும் ஓர் ஓரம் அப்பளமாக முறிந்தது.

"மூடியில கொறையில்ல மச்சான். ரப்பர்ங்கறது நீள நீளமான இழை. கந்தகம் போட்டு வேக வச்சு ஒண்ணோட ஒண்ணு கோத்திருப்பாங்க. அடுப்பு வெக்கையில, காத்துல இருக்க ஆக்சிஜன் உள்ள எறங்கி அத அங்கங்க அறுத்துரும். அறுந்ததெல்லாம் கண்டபடி பிணைஞ்சு வெறச்சுப் போயிரும். அப்பறம் இழுத்தா நீளாது, ஒடைஞ்சிரும்."

"ஒரு நா கூடப் புழங்கலயேடா!"

"புழங்காட்டி என்ன லாத்தா? வெக்கையும் காத்தும் அது பாட்டுக்கு வேலையப் பாக்கும்ல."

"அப்ப பழசு மட்டும்?"

"அது கட்டிலுக்கடியில நெழல்ல கெடந்துச்சு."

சாதிகாவுக்கு அது நியாயமாகவே படவில்லை. பொத்திப் பொத்தி வைத்தது நொறுங்குமாம், கேட்பாரற்றுக் கிடந்தது நிற்குமாம். நம்பினாரா இல்லையா என்று நைனா முகமதுவின் முகத்தில் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

தம்பி போன பிறகு அவர் முனகினார்.

"இந்த முட்டியும் வலிக்குது சாதிகா. பழைய பையக் கொண்டா."

வெந்நீர் ஊற்றி மூடியைத் திருகினாள். அவிழ்த்து மறுபடியும் திருகினாள். கட்டில் வரை கொண்டு போனவளுக்கு அதை அவரிடம் நீட்டக் கை வரவில்லை. ஓரமாக உட்கார்ந்து, பையைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். சூடு சேலைக்குள் மெல்ல இறங்கியது. அவர் கைலியை வலது முட்டிக்கு மேலே தூக்கிவிட்டு, அவள் கைகளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.